யாரும் தள்ளாத வளைவு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். திருக்கோவிலூர் போகும் எங்கள் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில் இருந்த டாக்சி டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மெக்கானிக்கிடம் சொன்னார்:

“நம்ம பழைய வண்டி இப்ப யாரும் தள்ளாமயே மலை ஏறுதுப்பா.”

“எந்த எடத்துலண்ணே?”

“வெள்ளிமலைக்குப் போற வழியில, அந்தச் செங்குத்து வளைவுலதான். முன்னெல்லாம் சவாரி வர்றவங்க எறங்கித் தள்ளுவாங்க இல்ல? பெட்ரோல் குழாயில அந்தக் காந்தத்த மாட்டினதுல இருந்து நான் தனியா போனாக்கூட ஏறுது. வண்டிக்கு இழுவை கூடும்னு சந்தையில சல்லிசா வாங்கினது. இன்னா வேல செய்யுது பாரு!”

மெக்கானிக் சிரித்தார். “அதெல்லாம் ஏமாத்து வேலண்ணே. போன மாசம் குழாய் ஒழுகுதுன்னு வுட்டீங்களே, அப்பவே கழட்டிட்டேன். திருப்பி மாட்டல. நம்ம ஷெட்டுலதான் ஆணிய இழுத்துக்கினு கெடக்குது.”

டிரைவர் சிரிக்கவில்லை. வெளியே மரத்தைத் துண்டு போடும் கோடரிச் சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்தினார்.

“வளைவு தாண்டினதும் பழக்கத்துல வண்டிய நிறுத்திடறேன்பா. தள்ளினவங்க ஏறணும் இல்ல?”

“நீங்க தனியாதான போறீங்க?”

“தனியாதான். ஆனா நிறுத்தினதும் வண்டி பின்னாடி அமுங்குது. அப்புறம் கதவு சாத்துற சத்தம் கேக்குது. அதுவும் காந்தத்தாலதான்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்.”

மெக்கானிக் ஷெட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அந்தக் காந்தத்த நாளைக்கே மாட்டிக் குடுத்துடறேண்ணே.”