கேட்கப்படாத பதினொரு மறுமொழிகள்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பெருமதிப்புக்குரிய ஞானேந்திரன் ஐயா அவர்களே, பனிக்காற்றைப் பொருட்படுத்தாது நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் சண்முகவேல் அவர்களே, பார்க் எக்ஸ்டென்ஷனின் மாடிப்படிகளில் ஏறியிறங்கியே முழங்கால் தேய்ந்த என் தாய்மாரே, அந்தத் தாய்மாரின் தமிழுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லும் செல்வங்களே, விழாவின் நாயகர் வசீகரன் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சிவாஜினியின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்துவேன். ஆனால் வாழ்த்துக்கு முன்னே என் வாயில் வந்து நிற்பது ஓர் ஐயம். இந்தப் பூமாலையின் மேல் எனக்கு ஐயம். இந்தக் கைதட்டலின் மேல் எனக்கு ஐயம். இன்று தட்டும் கைகளில் எத்தனை கைகள், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மனிதரைச் சுட்டிக்காட்டின? அவற்றுள் முதற்கை யாருடையது?

என்ன அண்ணை, பின்னாலிருந்து ஏதோ கேட்கிறீர்கள்? “அப்ப மாலை போடுறதோ இல்லையோ” என்றா? போடுவோம் அண்ணை, பொறுங்கள். முதற்கை என்னுடையது. அதைச் சொல்லிவிட்டுத்தான் போடுவோம்.

யார் இந்த வசீகரன்? அக்காடி மெட்ரோவுக்கு அருகே, நாலு பேர் படுத்த ஓர் அறையில் வளர்ந்த பிள்ளை. ஹாக்கி மட்டை பிடிக்கும் ஊரில் நீள்முட்டைப் பந்தைப் பிடித்தவர். கல்லூரி அணியில் ஆடியபோது முழங்கால் உடைந்தது. ஆட்டம் போயிற்று, ஆசை போகவில்லை. ‘நீர்நாய்கள்’ என்ற தொழில்முறை அணியில் ஆட்டங்களின் காணொளிப் பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் இருட்டறையில் இருந்து, பிறர் ஓடுவதைப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே பயிற்றுநர் ஆனார். முப்பத்தைந்தாம் வயதில் அணியின் தாக்குதல் திட்டங்களைத் தீட்டுபவரானார்.

தாய்மாருக்காக ஒரு சொல். அந்த விளையாட்டில் ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே தீட்டப்பட்ட இரகசியம். பந்தை எறியப் போகிறார்களா, ஏந்திக்கொண்டு ஓடப் போகிறார்களா என்று எதிரணிக்குத் தெரிந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து மூன்று தோல்விகள். எறிந்தால் எறியும் இடத்தில் எதிரி. ஓடினால் ஓடும் வழியில் எதிரி. வீட்டுக்குள் கள்ளன் என்றார்கள். யார் கள்ளன்? ஆட்டத்துக்கு முதல்நாள் தோறும் மூலையில் நின்று, யாருக்கும் விளங்காத மொழியில் கைபேசிக்குள் கதைப்பவர் ஒருவர் இருந்தார். அது அணி கொடுத்த கைபேசி. அதிலிருந்து பதினொரு குரற்பதிவுகளை எடுத்தார்கள். எல்லாம் கிங்ஸ்டன் நகருக்குப் போனவை. மூன்றாவது தோல்வி கிங்ஸ்டன் அணியிடம்.

மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமல்லவா? சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் நான். அழைத்தார்கள், போனேன்.

நீண்ட மேசை. அந்தப் பக்கம் அணியின் மேலாளர் மொந்தீனி. இந்தப் பக்கம் தலை குனிந்த வசீகரன். பதிவு ஒலித்தது: “அக்கா, நாளைக்கு முதல் பந்தே இடப்பக்கத்தாலை ஓடுறம். பேந்து ரெண்டு தரம் எறியிறம். கவனமாக் கேளுங்கோ.”

படுபாவி, விற்றுவிட்டானே என்று நினைத்தேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். அணியின் திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அப்போதாவது விட்டார்களா? பொருந்தியிருந்தால் ஆதாரம் என்றிருப்பார்கள். பொருந்தாததால் சங்கேதம் என்றார்கள்.

மொந்தீனி என்னைக் கேட்டார்: “அம்மையாரே, உங்கள் மொழியில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்த முடியுமா?”

என் தமிழ்ச் செருக்கு நிமிர்ந்தது. “எங்களிடம் சிலேடை என்றே ஒரு கலை உண்டு, ஐயா. ஒரே சொல்லில் இரு பொருள்” என்றேன். தமிழைப் புகழ்ந்து தமிழனைக் கவிழ்த்தவள் நான். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

கோப்பில் அக்காவின் மறுமொழிகளும் பதினொன்று இருந்தன. அவற்றை நான் காட்டியபோது மொந்தீனி, “அவை உங்கள் வேலையில் இல்லை” என்றார். வசீகரன் என்னிடம் தமிழில் மெல்லச் சொன்னார்: “அக்கா, அதைக் கேக்க வேண்டாம்.”

ஏன் வேண்டாம்? குற்றமற்றவன் மறைப்பானா? என் ஐயம் ஆலமரமாய்க் கிளைத்தது. தேநீர்க்கடையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். பிள்ளைகளை விட வந்த இடத்தில், கார்தெரி என்னும் குழந்தைக் காப்பகத்தின் வாசலில் சொன்னேன். ஒரு வாரத்தில் இந்த வட்டாரமே அவரைக் கள்ளன் என்றது.

பிறகுதான் ஒரு மாலை, மனம் பொறாமல், மொழிபெயர்ப்புக்காக என்னிடம் தந்திருந்த கோப்பைத் திறந்து அந்த மறுமொழிகளைக் கேட்டேன். அவருடைய அக்கா கௌரியின் குரல். கிங்ஸ்டனில் பாண் ரொட்டி சுடும் ஆலையில் வேலை. “தம்பி, நீ இடப்பக்கம் ஓடுறம் எண்டாய். ரேடியோவிலை எறிஞ்சிட்டாங்கள் எண்டு கத்துறான். நீ சொன்னது ஒண்டும் நடக்கேல்லை. உன்ரை சொல்லுக்கு அங்கை மதிப்பில்லைப் போல, என்னடா?” பதினொன்றிலும் அதே கவலை.

மறுநாளே வசீகரனைத் தேநீர்க்கடைக்கு அழைத்தேன். “ஏன் தம்பி கேக்க வேண்டாம் எண்டனீர்?”

“அவ வேலை செய்துகொண்டு ரேடியோ கேக்கிறவ. விளங்கேல்லை, முன்னமே சொல்லடா எண்டு கேட்டவ. உண்மையைச் சொன்னா அணிக்குத் துரோகம். சொல்லாட்டி அவவுக்கு மனவருத்தம். அதுதான் நானா இட்டுக்கட்டிச் சொன்னன். அதைக் கேட்டா, நான் அவவையே நம்பேல்லை எண்டு அவவுக்குத் தெரிஞ்சுபோகும்.”

“உண்மையா நம்பேல்லையோ?”

கோப்பையை ஓரமாய்த் தள்ளிவைத்தார். “ஆரையும் நம்பேல்லை, அக்கா. இந்த வேலை அப்பிடிப் பழக்கிப்போட்டுது.”

“மறுமொழியை மறைச்சா என்ரை மொழிபெயர்ப்பு அரைப் பொய்” என்றேன். “நான் எழுதிக் குடுக்கப் போறன். அதுக்கு முதல் நீரே அவவோடை கதையும்.”

என் முன்னாலேயே அழைத்தார். சொன்னார். மறுமுனையில் எழுந்த குரல் எனக்கும் கேட்டது: “என்னையும் சந்தேகப்பட்டனியோ?” அவ்வளவுதான். அழைப்பு அறுந்தது.

அடுத்த வாரம், யாரும் அழைக்காமலே, கௌரி பேருந்தேறி வந்தார். விசாரணை அறையில் நின்று, தன் குரலைப் போடச் சொன்னார். பதினொன்றையும் போடச் சொன்னார். தம்பியின் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. மொந்தீனி என்னிடம் திரும்பினார்: “இதில் மறைபொருள் உண்டா?”

“இல்லை, ஐயா” என்றேன். “தம்பி சொன்னது நடக்கவில்லை என்று ஒரு பெண் கவலைப்படுகிறார். இதற்குள் வேறொன்றும் இல்லை.”

பழி நீங்கியது. அப்படியானால் இரகசியம் எப்படிப் போனது? அதையும் வசீகரனே கண்டுபிடித்தார். நிறுத்திவைக்கப்பட்ட நாள்களில், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்த மூன்று ஆட்டங்களையும் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார். பந்தெறியும் வீரன், எறிவதற்கு முன் வலது குதிகாலை ஓர் அங்குலம் தூக்குகிறான்; ஓட்டம் என்றால் தூக்குவதில்லை. எதிரிகள் கண்டுகொண்டார்கள். நம்மவர் காணவில்லை. காலைப் பார்க்க வேண்டிய கண்களை மூடிக்கொண்டு, காதைத் தீட்டித் தமிழைத் தேடினார்கள். வசீகரனோ, தன்னைக் கள்ளன் என்ற அணிக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குதிகால் திருந்தியது. அணி வென்றது. இந்த ஆண்டு அவர்களே அவரைத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தினார்கள்.

கௌரி? அதை நான் அழகுபடுத்த மாட்டேன். பதினான்கு மாதங்கள் அவர் தம்பியோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. வெற்றிக் கணக்கில் வராத இழப்பு இது; எந்தக் கோப்பையும் இதை ஈடுசெய்யாது.

என் மக்களே, தோல்விகள் மூன்று. கிங்ஸ்டனிடம் தோற்றது ஒன்று. மற்ற இரண்டு ஊர்களில் இவருக்கு எந்த அக்கா இருந்தார்? இந்தச் சிறு கேள்வியை மொந்தீனி கேட்டாரா? நான் கேட்டேனா? கள்ளன் என்று சொன்ன நாம் யாராவது கேட்டோமா? ஐயப்படுவது அறிவுதான். ஆனால் பாதியைக் கேட்டுவிட்டு ஐயப்படுவது பழி. நாளை ஏதோ ஓர் அறையில் நம் பிள்ளை ஒருவரின் பேச்சைப் போட்டுக் காட்டுவார்கள். அப்போது நம்மில் ஒருவர் எழுந்து, “மற்றப் பக்கத்தையும் போடுங்கோ” என்று சொல்லட்டும். அந்த ஒருவர் இல்லாத அறையில் நீதி இல்லை.

வசீகரன் தம்பி, உம்மைப் பழித்த முதல் வாய் இது. இத்தனை பேர் முன்னிலையில், அதே வாயால் மன்னிப்புக் கேட்கிறேன். பின்னாலிருக்கும் அண்ணை, இனி மாலையைப் போடலாம். பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. உங்கள் வீடுகள் நலமாயிருக்கட்டும். வணக்கம்.