அம்மாவின் வாய்மொழித் தேர்வு

அம்மா படித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, மேடம். சரித்திர எம்.ஏ.வில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். அப்பா போன பிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் மகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் போக நாலு புத்தகம் புரட்டட்டுமே என்று நினைத்தேன்.

அவளோ மூடிப்போன ஒரு நூற்பாலையில் வேலை செய்த பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கினாள். நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்துக்கே வந்துவிடுவாள். பாப்பாவுக்குத் தலை பின்னும்போதும் அந்தப் பெண்களின் வேலைநிறுத்தக் கதைதான்.

"அத்தை, நூறு வருஷத்துக்கு முன்னாடி யார் என்ன செஞ்சாங்கன்னு சொல்றீங்க. காலையில என் கண்ணாடியை எங்க வச்சீங்கன்னு சொல்ல முடியலையே?" என்பார் என் கணவர்.

"அதுக்கு ஆதாரம் கிடைக்கல மாப்பிள்ளை."

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்போது நான் பெரும்பாலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அவளுக்கு வெளியூரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

"தேர்வு முடிஞ்சதும் கிளம்பிடுவேன்டி. பாப்பாவை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்குங்க. இத்தனை நாள் ஒருத்தருக்குப் பொண்டாட்டி, ஒருத்திக்கு அம்மான்னே ஓடிட்டேன்."

"சந்தோஷம்மா" என்றேன். அலுவலகம், அடுப்பு, குழந்தை, மறுபடி அலுவலகம். அன்றிலிருந்து எனக்குச் சரியாக மூச்சு விட முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தேர்வு நாள் சனிக்கிழமை, எனக்கு அரைநாள் வேலை. பிற்பகலில்தான் தேர்வு. ஒரு கோப்பைக் கடைசியாகச் சரிபார்க்க வேண்டும் என்றாள். மற்றவர்கள் கிளம்பியபின் கீழ்த்தளக் கோப்பு அறைக்கு அழைத்துப்போனேன். உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. தூசு பட்டால் அம்மாவுக்கு மூச்சிரைக்கும். இன்ஹேலர் பையில்தான் இருக்கும். பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரும்புக் கதவைப் பூட்டுமுன் ஒருமுறை குரல் கொடுக்க வேண்டும். அதுவும் விதிதான். நான் எந்த விதியையும் மீறியவள் இல்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"நான்தான்டி இருக்கேன், வேற யாரு?" சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பூட்டினேன்.

தேர்வு நேரம் தாண்டினால் போதும், அவ்வளவுதான் என் எண்ணம். முதலில் மெதுவாகத்தான் தட்டினாள். "கண்ணு, ஞாபகமில்லாம பூட்டிட்ட பாரு." பிறகு, "பதறாத. சாவி உன் மேஜையிலதான் இருக்கும், நிதானமா தேடு." நான் பதறியிருப்பேன் என்று கவலைப்பட்டாள், மேடம். அம்மா அப்படித்தான்.

அப்புறம் இருமல். "பையை... அந்த இன்ஹேலரை மட்டும்..."

திறந்திருக்கலாம். ஆனால் தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்தது. திறந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். அதன் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். தட்டும் சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் திறந்தேன்.

அம்மா தனியாகச் செத்தாள் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள், மேடம். கடைசிவரை நான் அவள் பக்கத்திலேயேதான் இருந்தேன்.