அவசரத்துக்கு அக்கா நம்பர்

போனில் பார்ப்பதைவிட நீங்கள் கொஞ்சம் குள்ளம், இசைவாணி மேடம். கழுத்துவரைதான் தெரிந்ததால் நெட்டையாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்து வைத்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்கிறீர்கள், முதலில் மோரைக் குடியுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள், மெதுவாகப் பேசுவோம். போலீஸ்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். என் தங்கையை ஏன் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஸ்ரீமதி என் தங்கை என்பது ஊருக்கு. எனக்கு அவள் மகள். அம்மா போனபோது அவள் மூன்றாம் வகுப்பு படித்தாள். எனக்கு வந்த வரன்களை நானேதான் தட்டிக் கழித்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் வயசுக்கு வந்தது, கணக்கில் பெயிலானது, செம்பியனைப் பிடித்திருக்கிறது என்பது எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வந்தன. கல்யாணமாகி சிதம்பரம் போன பிறகும், காலையில் பால் பொங்குவதற்குள் அவளிடமிருந்து போன் வந்துவிடும். என்ன குழம்பு வைப்பது என்பதுகூட என்னைக் கேட்டுத்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பது வழக்கம். எங்களுக்குத் தாய் வீடு என்றால் மஞ்சக்குப்பத்தில் இந்த இரண்டு அறை, தாய் என்றால் நான். பள்ளிக்கூட ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். பால் ஊறட்டும் என்று துறைமுகம் போய்ப் பால் சுறா வாங்கி வந்து புட்டு செய்து கொடுத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். குழந்தை அழுதால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பெற்ற அலுப்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

செம்பியன்தான் பயந்துபோனார். மருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர், நாலு பேரை விசாரித்து உங்களைப் பிடித்தார். "ஆன்லைன்லயே பேசலாமாம் அண்ணி, அலைய வேணாம். இதுக்குன்னே படிச்ச கவுன்சிலராம்" என்றார். நான் மறுக்கவில்லை. முதல் செவ்வாய்க்கிழமை போனைச் சாய்த்து வைக்க உளுந்து டப்பாவை எடுத்துக் கொடுத்ததே நான்தான். "ஏதாவது அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? அவள் யோசிக்கவே இல்லை. "எங்க அக்காவ" என்று என் நம்பரைச் சொன்னாள். புருஷன் பேரைக்கூட அப்புறம்தான் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் உங்களை எனக்குப் பிடித்தே போனது.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசச் சொன்னீர்கள். அது உங்கள் தொழிலின் முறை, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் குளிக்கும்போது தவிர இந்த வீட்டில் யாரும் கதவைச் சாத்தியதில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பேன். உள்ளே அழுவாள். அழுதால் பரவாயில்லை. ஒரு செவ்வாயன்று சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட்ட எனக்குக் கிடைக்காத சிரிப்பு, ஒரு வாய் சோறு ஊட்டாத உங்களுக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான் மேடம். அதற்கு வேறு பேர் எதற்கு?

வெளியே வந்தவளிடம், "இன்னா சொன்னாங்க? எங்கிட்டயும் சொல்லேன், நானும் சிரிக்கறேன்" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னதே கிடையாது.

அடுத்த வாரம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. "எங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது மேடம். எனக்குன்னே வாழ்ந்தவுங்க, தாங்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எது என்று காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் எனக்கு அது பெரிதில்லை. எனக்குத் தெரியக் கூடாதது ஒன்று அவளிடம் இருந்தது, அதை உங்களிடம் கொடுத்துவிட்டாள். கொடியில் துணியைப் போடாமல் அப்படியே பிழிந்துகொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டீர்கள். "வெளிய சொல்லாம இருக்கறதுதான் எங்க முறை. ஆனா உயிருன்னு வந்தா சொல்லியாகணும். செத்துடலாம்னு தோணுதுன்னு சொல்றாங்க. தனியா விடாதீங்க, இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவுங்க வீட்டுக்காரருக்கு லைன் கிடைக்கல" என்றீர்கள். செம்பியன் அன்றைக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போயிருந்தார். "நான் சொல்லிடறேன் மேடம்" என்றேன்.

விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. நன்றாகவே விளங்கியது. ஆனால் மனசில் நின்றது வேறு. சாவைப் பற்றிக்கூட உங்களிடம்தான் பேசியிருக்கிறாள். என் பிள்ளையைப் பற்றி எனக்கு நீங்கள் தகவல் சொல்கிறீர்கள்.

செம்பியனிடம், தேறி வருகிறாள் என்றேன். டாக்டரிடம் போகவில்லை. சாயங்காலம் நீங்கள் மறுபடி கூப்பிட்டபோது, "காட்டிட்டு வந்துட்டோம் மேடம். மாத்திரை குடுத்திருக்காங்க, தூங்கறா. மாப்பிள்ளையும் வந்துட்டாரு. கொஞ்ச நாளைக்கு போன் பேச வேணாம்னு டாக்டர் சொல்றாரு" என்றேன். நீங்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நீங்க கூட இருக்கறதாலதான் நிம்மதியா இருக்கேன்" என்றீர்கள். அவசரத்துக்கென்று கொடுத்த நம்பரே பொய் சொல்லும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, யாருக்கும் தோன்றாது.

அவள் போனில் உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். "மேடம் பேசினாங்க. உனக்கு ஒண்ணுமில்லியாம், இனிமே பேச வேணாம்னுட்டாங்க" என்று அவளிடம் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். அழக்கூட இல்லை.

கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நினைக்காதீர்கள். நீங்கள் இல்லையென்றால் என்னிடம்தானே வர வேண்டும்? வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, நீங்கள் பேசும் நேரத்துக்குச் சமையலறைக்கு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பயமா இருக்குக்கா. மேடத்துக்கு ஒரே ஒரு தடவ போன் போட்டுக் குடேன்" என்றாள்.

"மேடம் எதுக்கு? நான் இருக்கேன் இல்ல, எங்கிட்ட சொல்லு" என்றேன். பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டாள். "மேடத்துகிட்டதான் சொல்லுவேன்னா போ" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபத்தில் சொல்லவில்லை. சின்ன வயசில் நான் இப்படி மூஞ்சியைத் திருப்பினால் பின்னாலேயே வந்து கட்டிக்கொள்வாள். வருவாள் என்று குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன். செருப்புச் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது. நான் திரும்பவில்லை.

பொழுது சாய்வதற்குள் தேவனாம்பட்டினம் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள்.

இதையெல்லாம் நீங்கள் போலீஸில் சொல்லலாம். எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்தும் போடுகிறேன். டாக்டரிடம் போனோம் என்ற பொய், உங்கள் நம்பரை பிளாக் செய்தது, செம்பியனுக்குச் சொல்லாதது, அவள் போகும்போது தடுக்காதது, எல்லாம் தெரிந்து நான் செய்ததுதான். ஒன்றை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளை நான் எப்படி வளர்த்தேன் என்று மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவள் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் அவளை விட்டிருப்பேனா மேடம்?