மூணாவது நிறுத்தம்

வாக்கி டாக்கியில தலை எண்ணுற வேலையெல்லாம் வேண்டாம் மேடம். அந்த வரியை அடிச்சிடுங்க. சேறு, தண்ணி எடுக்க நிக்கிற ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இன்ஜின் எடுக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் நேர்ல வந்து என் உள்ளங்கையில ஒரு தட்டு தட்டிட்டுப் போகணும். மழையா இருந்தாலும் சரி, வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாலும் சரி. சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி இருக்கா? இருக்கட்டும். பதினாறு வருஷமா இந்தக் கப்பல்ல மேல்தளம் என் பொறுப்பு. முதுகுக்குப் பின்னாடி என்னைக் கைதட்டின்னு கூப்பிடுறாங்க, அதுவும் தெரியும்.

மத்தபடி உங்க திட்டம் நல்லாத்தான் இருக்கு. பின்பக்கம் யாரும் தனியாப் போகக் கூடாது, இடுப்புக் கயித்தை மாட்டாம விளிம்புல நிக்கக் கூடாது, இந்த ரெண்டையும் கொட்டை எழுத்துல போடுங்க. அப்புறம் இது என்ன, வரைபடத்துல சிவப்புப் புள்ளி? நாலாவது நிறுத்தத்துக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. அரை மணி நேரம் நிக்கிறதா போட்டிருக்கீங்க.

ஓ. சாரோட சம்சாரம், அக்கா வராங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறேன். சொல்லுங்க... பூ போடணும்னாங்களா. ஆமா, சார் போய் மூணு வருஷம் ஆச்சு. நீங்க சாரைப் பார்த்ததில்லையே? கடலுக்கு அடியில இருந்து சேறு எடுத்து ஆராய்ச்சி பண்றவர். நாங்க சேத்து சாருன்னுதான் கூப்பிடுவோம், கோவமே வராது. ஒவ்வொரு பாட்டில்லயும் இடம், நேரம், ஆழம் எழுதி ஒட்டி, மூடியை இறுக்கி, ஒரு தடவை முத்தம் குடுக்காத குறையா துடைச்சு வைப்பாரு. வாக்கி டாக்கியை மட்டும் எங்கயாவது போட்டுட்டு வந்துடுவாரு. கேப்டன் எண்ணிக்கை கேட்டா ஒண்ணு, ரெண்டுன்னு எல்லாரும் வரிசையாச் சொல்லுவோம். சாரோட நம்பர் ஏழு வரும்போது சத்தமே இருக்காது. சார் கழிப்பறையில இருப்பாரு. கேப்டன் வாய்க்கு வந்தபடி திட்டுவாரு.

எனக்கு அப்ப ஒரு பழக்கம் இருந்துச்சு மேடம். யார் குரலையும் அப்படியே பேசுவேன். கேப்டன், சமையல்காரர், யாரு வேணாலும். சார் குரல்னா கப்பலே குலுங்கும், அவரே கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அக்கா முன்னாடி பேசச் சொல்லிருக்காரு. இப்ப பேசுறதில்ல. விட்டுட்டேன்.

அக்கா விடல. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு ஃபோன் பண்ணுவாங்க. தம்பி, ஒரே ஒரு தடவை அவர் குரல்ல என்னைக் கூப்பிடேன், கேட்டுக்கிறேன்னு. தொண்டை சரியில்லக்கான்னு சொல்லுவேன். மூணு வருஷமா ஒருத்தனுக்குத் தொண்டை சரியில்லாம இருக்குமா? அவங்களும் ஏன்னு கேக்குறதில்ல. நாளைக்கு இந்தக் கப்பல்ல என் பக்கத்துல நின்னு கேப்பாங்க.

எப்படி நடந்துச்சுன்னு ரிப்போர்ட்ல படிச்சிருப்பீங்க. சரியான மழை அன்னிக்கு. மூணாவது நிறுத்தத்துல சேறு எடுத்தோம். நாலாவதுல தண்ணி மட்டும்தான், சாருக்கு வேலை இல்ல. அஞ்சாவதுல சேத்து வாளி மேல வந்தப்பதான் வாங்க ஆள் இல்லன்னு தெரிஞ்சுது. மூணுல கிளம்பும்போது எண்ணிக்கையில ஏழு இருக்கு, நாலுல கிளம்பும்போதும் இருக்கு. அதனால நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான் விழுந்திருக்கணும்னு கணக்குப் போட்டு, ரெண்டு நாள் அங்கயே சல்லடையா சலிச்சாங்க. ஹெலிகாப்டர் வந்துச்சு. நானும்தான் விளிம்புல நின்னு சார் சார்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

தேடி முடிச்ச அன்னிக்கு சாரோட மேஜையைச் சுத்தம் பண்ணப் போனேன். மூணாவது நிறுத்தத்துச் சேறு பாட்டில்ல இருந்துச்சு. மூடி போடல. பேர் எழுதல. மேடம், சாரு பாட்டிலைத் திறந்து போட்டுட்டு எங்கயும் போக மாட்டாரு. வாளியை அலசப் பின்பக்கம் போயிருக்காரு, அவ்வளவுதான். நான் மூடி போட்டேன். என் பெட்டியிலதான் இருக்கு, காய்ஞ்சு போய்.

தவளை தன் வாயால கெடும்பாங்க. இங்க தவளை நல்லாத்தான் இருக்கு.

அந்தச் சிவப்புப் புள்ளியை அழிச்சிட்டு மூணாவது நிறுத்தத்துல வைங்க மேடம். அக்கா தப்பான தண்ணியில பூ போட வேண்டாம். ஏன்னு கேட்டா நானே சொல்லிக்கிறேன். இல்ல, அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்காது. கேப்டன்கிட்ட சார் திட்டு வாங்க வேண்டாமேன்னு, கழிப்பறையில இருப்பாருன்னு நினைச்சு, தொண்டையைச் செருமி ஏழுன்னு சொன்னது நான்தான். ரெண்டு தடவையும்.