பீடத்துக்கு மேலே ஒரு முகம்

பாதர் வலெரி: முகத்தை மட்டும் மாத்துங்கன்னுதான் சொல்றேன், ஒனொரின் டீச்சர். மிச்சப் படம் அப்படியே இருக்கட்டும்.

ஒனொரின்: மாதா முகத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன சாமி... முக்காடா?

பாதர் வலெரி: ஞாயித்துக்கிழமை படத்தை மந்திரிக்க ஆயர் வர்றாரு.

ஒனொரின்: வரட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

பாதர் வலெரி: ஊர்ல முணுமுணுக்கறாங்க. செத்த ஏசுவை மடியில போட்டிருக்கற மாதா, ஆத்தங்கரையில துணி வெளுக்கற ஓதில் மாதிரியே...

ஒனொரின்: மாதிரி என்ன மாதிரி? ஓதிலேதான். ஆறு வாரம் வந்து அசையாம உக்காந்தா. எங்கிட்ட ஓவியம் படிக்கற பொண்ணுங்க அவளுக்கு சூப் ஊத்தியே என் சட்டியைக் காலி பண்ணிட்டாங்க.

பாதர் வலெரி: விளையாடாதீங்க. மத்த கோயில்ல எல்லாம் எவ்வளவு லட்சணமா வரைஞ்சிருக்கீங்க... பாரிஸ் கண்காட்சியில மெடல்கூடக் குடுத்தாங்களே!

ஒனொரின்: பதினாறு கோயில் சாமி. பதினாறுலயும் கடையில விக்கற பொம்மை முகம். கேட்டாங்க, வரைஞ்சு குடுத்தேன். 'கண்ணால பாத்ததை வரைங்கடி'ன்னு முப்பது வருஷமா வகுப்புல தொண்டை கிழியக் கத்தறேன்... நான் வரைஞ்சதில்லை. அறுபத்திரெண்டு வயசுல இப்பத்தான் ஒண்ணு கைகூடியிருக்கு. அதைப் போய்...

பாதர் வலெரி: எனக்குப் புரியாம இல்லை. ஆனா ஊர் வாயை...

ஒனொரின்: எந்த வாய்? பேர் சொல்லுங்க.

பாதர் வலெரி: அது... நாலஞ்சு பேர்.

ஒனொரின்: பீடத்துல ஏத்தினதுலேர்ந்து படத்துமேல துணி கிடக்கு. என் பொண்ணுங்களுக்குக்கூட முகத்தைக் காட்டலை. துணியைத் தூக்கிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்.

பாதர் வலெரி: அந்த முகத்துக்கு முன்னாடி நின்னு என்னால பூசை வைக்க முடியாது டீச்சர்.

ஒனொரின்: சரி... இந்தாங்க கத்தி. சாயம் இன்னும் முழுசாக் காயலை. ஏணியில ஏறி நீங்களே சுரண்டிடுங்க.

பாதர் வலெரி: நானா?

ஒனொரின்: நான் மாட்டேன். ஏறுங்க, ஏணியை நான் பிடிச்சுக்கறேன்... என்ன, நின்னுட்டீங்க?

பாதர் வலெரி: கை வரலை... அப்பன் பேர் தெரியாதவனைக் குருமடத்துல சேர்க்க மாட்டாங்க டீச்சர். அனாதைன்னு எழுதிக் குடுத்துத்தான் சேர்ந்தேன். ஓதில்... என்னைப் பெத்தவ. எனக்கு இந்த ஊர்னு ஆனதும் பின்னாடியே வந்துட்டா. தெருவுல பாத்தா, ஊரோட சேர்ந்து 'கும்பிடறேன் சாமி'ன்னு தலையைக் குனிஞ்சுட்டுப் போறா. அந்த முகத்தையும் என் முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆயர் பாத்தார்னா, இந்த அங்கி என் உடம்புல இருக்காது.

ஒனொரின்: தெரியும் சாமி. நான் அவளைத் தேடிப் போகலை, அவதான் என்னைத் தேடி வந்தா. 'பூசையில அவன் பீடத்தைப் பாத்து நிக்கறதால முதுகைத்தான் பாக்கறேன், திரும்பினாலும் என்னை விட்டுட்டு எல்லாரையும் பாக்கறான்... பீடத்துக்கு மேல இருந்தா தினமும் என் புள்ளை முகத்தைப் பாக்கலாம்ல?'ன்னு கேட்டா.