காய்ச்சல் என்று சொன்னது
பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள், துபாய் சத்வா பகுதியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள். இளையவர் கையில் பேப்பர்.

"அண்ணே, அமெரிக்க ஜனாதிபதி சம்சாரத்துக்கு மார்புல புத்துநோயாம். ஆபரேஷன் பண்ணினதை ஊரறியச் சொல்லிட்டாங்க."

"பொம்பளை அதையெல்லாம் வெளிய சொல்லுமா?"

"அதைக் கேட்டுத்தான் அங்க பொம்பளைங்க கூட்டம் கூட்டமா டாக்டர்கிட்டப் போறாங்களாம்."

பெரியவர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என் சம்சாரம் எங்கிட்டகூடச் சொல்லலப்பா. லீவுல போனப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள கட்டி முத்திருச்சு."

"அண்ணி அதுலதான் போனாங்களா? காய்ச்சல்னு சொன்னீங்களே?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பிள்ளைங்ககிட்டயும்."

பஸ் வந்தது. ஏறும்போது பெரியவர் மெல்லக் கேட்டார்.

"ரெண்டும் பொண்ணுங்க. அதுங்களுக்கும் வந்துட்டா? அப்பன்காரன் நான் இதை எப்படிப்பா சொல்லுவேன்?"