வெறும் வெளிச்சம்

படங்களை ஓரம் பிடித்துப் பாருங்கள் சார். நடுவில் விரல் பட்டால் ரேகை விழுந்துவிடும், துடைத்தாலும் போகாது. கிணற்றடி முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்திருக்கிறேன். முகம் மட்டும் இரண்டு. உடம்பில் காயம் இல்லை என்று காட்டுவதற்கு ஒன்று. ஸ்டேஷன் வேலை என்றால் எங்கள் ஸ்டுடியோ முதலாளி அப்புசாமி அண்ணன்தான் எப்போதும் வருவார். இந்தத் தடவை நான் போகட்டுமா என்று கேட்டேன். கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, சரி, போ என்றார்.

கிணற்றுத் திட்டில், பூவரச இலைக்குள் சுற்றி, மேலே கல் வைத்திருந்த அந்தச் சின்னப் படம் எங்களுடையதா என்று கேட்டீர்கள். எங்களுடையதுதான். பின்னால் எங்கள் வேலந்தாவளம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறது. அதில் இருப்பது கிணற்றில் விழுந்து செத்துப்போன பழனாத்தாளின் பையனா என்றும் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

எழுபத்து மூன்றில் அண்ணன் ஸ்டுடியோ தொடங்கிய நாளிலிருந்து நான் அவரிடம் உதவியாள். கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சட்டைக் கையை முழங்கை வரை மடிக்கக் கூடாது. மடித்தால் பந்தி பரிமாற வந்தவன் என்று சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஷூ போட வேண்டும். மணவறைக்குப் பக்கத்தில் கழற்றத்தான் போகிறோம் என்றாலும், கழற்றுவதற்கு ஒரு ஷூ இருக்க வேண்டும். வியர்வையைப் புறங்கையால் துடைக்கக் கூடாது, கைக்குட்டை வேண்டும். படம் எப்போது வரும் என்று யாராவது கேட்டால், சட்டென்று சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரும்” என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒரு மதிப்பு இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கல்யாண வீடுகளில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏனப்பா லைட்டுப் பெட்டி, இந்தப் பக்கமும் ஒண்ணு அடி. எம்பட மொட்டைத் தலையில பட்டா உன்ற வெளிச்சம் ரெட்டிப்பாயிரும்” என்று கிழவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடிப்பேன்.

அந்த வெளிச்சம்தான் விஷயம். ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான் விழும். கல்யாணத்துக்கு வருகிறவர்களோ ஊரே திரண்டு வருகிறார்கள், எல்லாருக்கும் ஆசை. அதனால் அண்ணன் தன் பழைய பெட்டிக் கேமரா ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். அதற்குள் ஃபிலிம் கிடையாது. கேட்கிறவர்களை நிறுத்தி, முகத்தை நிமிர்த்தச் சொல்லி, விளக்கை மட்டும் அடிப்பேன். எங்களுக்குள் அதை வெறும் வெளிச்சம் என்போம். பாவம் என்று நினைக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அது ஒரு சின்ன உபகாரம்.

“ஆசைப்பட்டு நிக்கறாங்க, மொகத்தைச் சுளிக்காம அடிச்சு உடு” என்பார் அண்ணன். “ஆனா ஆராச்சும் தேடி வந்து படத்தைக் கேட்டா, இல்லைன்னு நெசத்தைச் சொல்லிக் கும்புட்டுரோணும்.”

அவர் சொன்னதில் முதல் பாதியை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

போன ஆவணியில் எலப்புள்ளி குப்பண்ணக் கவுண்டர் வீட்டில் கல்யாணம். பழனாத்தாள் அவர்கள் காட்டில் வேலை செய்கிறவள். பந்தலின் ஓரத்தில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள். சோலை என்று பெயர்.

“ஏனுங் தம்பி, என்ற பையனை ஒண்ணு புடிப்பீங்ளா? பொறந்ததுல இருந்து ஒரு படங்கூட இல்லீங்” என்றாள்.

இறக்கி நிறுத்தச் சொன்னேன். பையன் கையில் ஒரு முறுக்கு வைத்திருந்தான், அதைக் கொடுக்க மாட்டேன் என்றான். இருக்கட்டும் என்றேன். அவள் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். வெளிச்சம் அடித்ததும் பையன் திடுக்கிட்டு, பிறகு சிரித்தான்.

“எப்போங் வரும்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரும்” என்றேன்.

ஐப்பசியில் பையனுக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்துவிட்டது. பாலக்காட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாணப் படங்களை அதுவரை நாங்கள் அச்சுப் போட்டிருக்கவில்லை. அதற்கான தாள் வாங்கக் கோயம்புத்தூர் போன அண்ணன், சரக்கு வரும்வரை ஒரு வாரம் அங்கேயே தங்கியிருந்தார்.

“அன்னிக்குப் புடிச்சீங்ளே, அது வேணுமுங்” என்றாள். “அவன் மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்குதுங். அது ஒண்ணு இருந்தாப் போதுமுங்.”

இல்லை என்று கையை விரித்திருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அப்படிச் சொல்வது கொடுமை என்று எனக்குப் பட்டது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தை முதல் என்னைத் தனியாகக் கல்யாணங்களுக்கு அனுப்புவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ‘காளிச்சாமி, போட்டோகிராபர்’ என்று அட்டைகூட அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். நான் அடிப்பது வெறும் வெளிச்சம் என்று எலப்புள்ளியில் தெரிந்துவிட்டால் அந்த அட்டையை யாரிடம் நீட்டுவது? நாளை மறுநாள் வா என்று அனுப்பினேன்.

அதற்கு முந்தின வருஷம் இடுக்கி மலையில் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்திருந்தோம். மாதா கோயிலில் தாலி கட்டிய வேதக்காரர் கல்யாணம். பெண் எங்கள் பக்கத்தவள் என்பதால் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சூசையப்பன் என்பவர் தன் சின்ன மகனைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள மலையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அவனுக்கும் சோலையின் வயசு, கிட்டத்தட்ட அதே உருட்டு முகம். கழுத்தில் மாதா உருவம் பதித்த ஒரு சுரூபப் பதக்கம் தொங்கியது. நெகட்டிவில் அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, தோள் வரைக்கும் வைத்து மீதித் தாளில் ஒரு பிரதி போட்டேன். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான்.

சொன்ன நாளில் பழனாத்தாள் வந்து அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தூர வைத்துப் பார்த்தாள்.

“இது என்ற பையன் இல்லீங்” என்றாள். “அவனுக்குக் காது குத்தியிருந்தமுங். இந்தப் பையனுக்குக் காதுல ஒண்ணையுங் காணம்.”

“அதும்மா, ஓவர் எக்ஸ்போஷர்னு சொல்லுவோம். வெளிச்சம் ஓங்கி அடிச்சா சின்னதெல்லாம் மறஞ்சு போயிரும்” என்றேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்று நடுவில் வந்தால் ஜனங்கள் அதற்கு மேல் பேசமாட்டார்கள். அவளும் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தாள்.

“இது ஆரு பெத்த புள்ளைங்களோ” என்று படத்தை நீட்டினாள். “அந்த ஆத்தாகாரி தேடுவாளுங். இதை அவகிட்டச் சேத்திருங். என்றதை மட்டும் குடுங், போயர்றேன்.”

இது உன் பையன்தான் என்றேன். அன்றைக்கு மட்டுமல்ல, அவள் வந்த ஒவ்வொரு நாளும் அதையே, குரலை உயர்த்தாமல் சொன்னேன். கோபப்படுவது தொழிலுக்கு அழகில்லை.

அண்ணன் திரும்பி வந்ததும் அவள் படியில் இருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அவரிடம் மறைக்க முடியவில்லை. அவர் தாள் கட்டைக்கூட கீழே வைக்காமல், “டேய் காளி, அவ ஊட்டுக்கே போ. நாலு பேரு முன்னாடி நெசத்தைச் சொல்லிக் கால்ல உழு. அடிச்சாங்கன்னா வாங்கிக்க” என்றார்.

போனேன் சார். சொல்லிவிடலாம் என்றுதான் சைக்கிளை மிதித்தேன். அவள் புருஷன் கந்தப்பன் என்னைக் கண்டதும் எழுந்து, தோளில் இருந்த துண்டால் ஒரு முக்காலியைத் தட்டிப் போட்டான்.

“வாங் சார், உக்காருங் சார்” என்றான்.

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நீங்கள் தினமும் கேட்கிற வார்த்தை, உங்களுக்கு அது தெரியாது. மோர் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

“நீங்களே சொல்லுங் சார். இவ பித்துப் புடிச்சாப்பல பேசறா. படம் பொய் சொல்லுமுங்ளா?”

“படம் பொய் சொல்லாதுங்க” என்றேன். யோசித்துப் பாருங்கள், அது உண்மைதானே?

“பெத்தவளுக்கே மூஞ்சி மறந்துபோச்சாமா!” என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கந்தப்பனுக்கு அவமானமாகிவிட்டது. “மொகமே தெரியாதவளுக்கு காய்ச்சல்ல அவன் மேலு சுட்டது மட்டும் எங்க தெரிஞ்சிருக்கும்? அதுதான் பையனைத் தொலைச்சுப்போட்டா” என்றான். பழனாத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோரை மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர்கள் மனம் நோகும் என்று முழுவதும் குடித்துவிட்டு வந்தேன். நிஜத்தை அவர்களிடம் சொல்லிவிட்டதாக அண்ணனிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் குப்பண்ணர் வீட்டு ஆல்பத்துக்குப் படம் போட உட்கார்ந்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். தட்டில் மருந்து, அதற்குள் வெள்ளைத் தாள். மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தால் முதலில் கறுப்பெல்லாம் தெரியும், அப்புறம்தான் முகங்கள் எழும்பும். தாலி கட்டுகிற படம். அண்ணன் எடுத்தது, உண்மையான ஃபிலிமில். பெண்ணின் தாய்மாமன் காலுக்குப் பக்கத்தில் ஒரு முகம் எழும்பியது. கையில் முறுக்கு. நேராக என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு காதிலும் கடுக்கன் பளிச்சென்று இருந்தது. அவ்வளவு தெளிவான முகம் அந்தச் சுருளிலேயே இல்லை.

அதைக் கொடுத்திருந்தால் அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கந்தப்பன் என்ன நினைப்பான்? முக்காலியைத் தட்டிப் போட்டவன் வீட்டில், அத்தனை பேர் முன்னால், படம் பொய் சொல்லாது என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தொழில்காரன் வாக்கு மாறக் கூடாது சார்.

நெகட்டிவில் சிவப்பு மை பூசினால் அந்த இடம் அச்சில் வெள்ளையாகிவிடும். மாமன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தது வசதியாகப் போயிற்று. பொடித் தூரிகையால் ஓரம் ஓரமாகப் பூசினேன். முறுக்குக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. மறுபடி அச்சுப் போட்டபோது பையன் மாமனின் வேட்டி மடிப்பாகிவிட்டான். நானே சொல்லக் கூடாது, நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. அண்ணனுக்குக்கூடத் தெரியவில்லை. முதலில் போட்ட பிரதியை அடுப்பில் வைத்தேன். ஈரமாக இருந்ததால் எரியச் சுணங்கியது.

ஆல்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குப்பண்ணரின் சம்சாரம் கமலாத்தாள் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழனாத்தாள் வாசலில் வந்து நின்றாள். தாலி கட்டும்போது சோலை கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

“ஒருக்காப் பாத்துக்கறனுங்க்கா” என்றாள்.

“பாத்துக்கட்டும் பாவம். ஈரக்கையைத் தொடச்சுட்டு வா, பழனா” என்றார் கமலாத்தாள். நல்ல மனுஷி. துடைத்த பிறகும் பழனாத்தாளின் கை ஈரமாகவே இருந்தது. அதனால் நானே பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். தாலி கட்டுகிற படம் வந்ததும் விரலை வைத்தாள். ஓரத்தைப் பிடிக்கச் சொல்லவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

“இங்கதானுங் நின்னான்.”

“அது மாமனோட வேட்டிம்மா” என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்த மடிப்பைத் தடவினாள், துணியைத் தொடுகிற மாதிரி. பிறகு முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, “அப்பச் சரிங் சார்” என்றாள்.

அன்றைக்குத்தான் அவளும் என்னைச் சார் என்று கூப்பிட்டாள். மனசு லேசாகிச் சைக்கிளில் வந்தேன். மறுநாள் விடிந்ததும் உங்கள் ஆள் ஸ்டுடியோ கதவைத் தட்டினார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் சார். அந்தப் படத்தில் இருப்பது அவள் பையன் இல்லை. அவள் பையன் முகம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதை நான் அழித்தேன். மகசரில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கந்தப்பனுக்கு அவள் முகப் படம் ஒன்று கொடுங்கள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியைக் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன். இதற்கு ஃபிலிம் போட்டுத்தான் எடுத்தேன்.

ஆனால் அவள் மனம் உடைந்து போனாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் சொன்னதைக் கடைசியில் நம்பி, நிம்மதியோடுதான் போயிருக்கிறாள். அந்தச் சின்னப் படத்தைப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் படவில்லை, ஒரு மூலை மடங்கவில்லை. இலையில் சுற்றி, காற்றில் போகாமல் கல் வைத்து, வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் விட்டுப் போயிருக்கிறாள். தான் பெற்ற பிள்ளை என்று நம்பாமல் ஒருத்தி அப்படி வைப்பாளா, சார்?